போக ஒன்றரை, வர ஆறு

என் பீரோவில் நீல நிற விமானக் கடிதம் ஒன்று இருக்கிறது. குவைத்திலிருந்து அண்ணன் எழுதியது. மடிப்பெல்லாம் கிழிந்து நான்கு துண்டாகிவிட்டது. ஒரு வரி மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது: 'காலை பத்து மணிக்கு ஏறினால் மாலை நாலு மணிக்கு பம்பாயில் இறங்கிவிடுவேன்.' 

எழுபதுகளில், பழவேற்காட்டில் எங்கள் குப்பத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அண்ணன்தான். கும்மிடிப்பூண்டிப் பட்டறை ஒன்றில் வெல்டிங் கற்றுக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்ததும், பம்பாயில் ஒன்பதுக்கு ஏறிப் பத்தரைக்கெல்லாம் இறங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தான். ஒன்றரை மணி நேரமா, பொன்னேரியில் ரயிலேறிப் பட்டணம் போகிற நேரம்தானே என்று நைனா குப்பம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார். இரண்டு வருடம் கழித்து, ஊருக்கு வருவதாக இந்தக் கடிதம் வந்தது. நான் வாசிக்க வாசிக்க, வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

"போக ஒன்ற மணி, வர ஆறு மணியா? எதிர்க்காத்து அது."

ஏரியில் பாய் விரித்துப் பிழைத்தவருக்குத் தூரம் என்பது காற்றின் கணக்கு. காற்றோடு ஒரு மணியில் போன இடத்திலிருந்து எதிர்க்காற்றில் திரும்ப அரை நாள் ஆகும். அப்படித் திரும்பும்போதுதான் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து சித்தப்பா செத்துப்போனார். படகு கவிழ்ந்தாலாவது பலகையைப் பிடிக்கலாம், நடுக்கடல் மேலே எண்ணெய் தீர்ந்தால் பிள்ளை எதைப் பிடிப்பான் என்று கேட்டார். எட்டாவது படித்த நானும் அதை அப்படியே நம்பினேன். நைனா பயந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. 

அன்றே பதில் எழுதச் சொன்னார். ஆனால் புறப்படுகிறவனிடம் காற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அது தேடி வரும் என்பது எங்களவர் வழக்கம்.

"காத்தப் பத்தி ஒரு எழுத்து வரக்கூடாது. இப்ப வராத, நான் சொல்றப்ப வான்னு மட்டும் எழுது."

அப்படியே எழுதினேன். மூன்று மாதம் கழித்துக் காற்று திரும்பியது. 'புறப்பட்டு வா' என்று எழுதச் சொன்னார். அதற்குள் அண்ணன், அப்பனுக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேன் என்று நினைத்து, மேலும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தான். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நைனா போய்விட்டார். கடைசி நாலைந்து நாளும், காத்து எந்தப் பக்கம் அடிக்குது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் வந்ததும் மாலை போட்ட படத்தின் முன்னால் உட்கார்ந்தான். "என் மேல அவருக்கு இன்னா கோவம்?"

சொன்னேன். அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"அங்க கடியாரமே நமக்கு ரெண்டரை மணி பின்னாலதான் ஓடும். போக நாலு மணி, வர மூணரை. அவ்ளோதான்."

போன வருடம் குவைத்தில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு நானும் விமானத்தில் திரும்பினேன். வழியில் அது குலுங்கியபோது கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, எண்ணெய் இருக்குமா என்றுதான் நினைத்தேன். வரும்போது மட்டும் ஏன் அரை மணி குறைகிறது என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன். மேலே காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, ஊர் திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும் என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த நாலு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நைனா பயந்த காற்று அண்ணனை வீட்டுக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். அதை எழுதக் கூடாது என்றார். நானும் எழுதவில்லை.