வாசல் பாத்தியில் வெள்ளைப்பூடு

பிள்ளைகளா, விடுதியின் சாப்பாட்டு அறைக் கதவுக்கு மேலே தொங்குகிற வெள்ளைப்பூட்டுச் சடையைப் படம் பிடித்து, "எங்க அப்பா வளர்த்தது" என்று கூட்டாளிமாரிடம் காட்டுகிறீர்களாம். கேட்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை உங்கள் அம்மா சொல்ல மாட்டாள், அவளுக்கு இன்னும் வெட்கம். அதனால் நான் எழுதிவைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும்.

பன்விலைக்கு மேலே இருக்கிற அந்த விடுதியில் நான் தோட்ட வேலைக்குச் சேர்ந்தபோது, வாசல் பாத்தி என் பொறுப்பில் இல்லை. பல்லேகலப் பக்கமிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வேனில் வந்து, பூச்செடிகளை மாற்றி வைத்துவிட்டுப் போவார். எனக்கு வேலியும் புல்லும் பின்பக்கக் கீரையும்தான். வாசல் பாத்தி என்பது தோட்டக்காரனுக்கு முகம் மாதிரி. என் முகத்தை வேறொருவர் வேனில் கொண்டுவந்து வைப்பதுபோல எனக்கு இருக்கும்.

ஒருநாள் மனேஜரிடம் கேட்டேவிட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முதலாளி அம்மாவுக்குப் பார்க்கவும் வடிவா இருக்கணும், குசினிக்கும் ஆகணும். அப்படி ஒண்ணு வளர்த்துக் காட்டு, பாத்தி உனக்கு. இல்லாட்டி முழுத் தோட்டத்தையும் அந்த வேன்காரருக்கே குடுத்திருவாங்க."

முழுத் தோட்டம் என்றால் என் வேலையும் சேர்த்துத்தான்.

நான் வெள்ளைப்பூடு என்றேன். கலியாணத்துக்கு முன்னால் நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். பூத்தண்டு வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு நிமிர்ந்து, நுனியில் ஊதா நிறத்தில் உருண்டையாகப் பூக்கும். அழகுக்கு அழகு, கறிக்குக் கறி.

முதலில் நம் வீட்டுக்குப் பின்னால் நட்டுப் பார்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இலை நன்றாக வந்தது, பூத்தண்டு வரவில்லை. பிடுங்கினால் பல்லே பிரியாத ஒரே உருண்டை. "அப்பா வெங்காயத்த நட்டுட்டு பூடுன்னு சொல்றாரு" என்று சின்னவன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். மூத்தவள்தான் போனில் தேடி, பூட்டுக்கு நல்ல குளிர் வேண்டும், நம் ஊர்க் குளிர் போதாது, நடுவதற்கு முன்னால் இரண்டு மாதம் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள்.

கண்டி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகக் கிளறி, ஊதாக் கோடு விழுந்த தோலும் நடுவில் கட்டைக் குச்சியும் உள்ள பூடாகப் பொறுக்கினேன். அந்த மாதிரிப் பூடுதான் பூக்கும். காகிதப் பையில் போட்டு விடுதிக் குசினியின் பெரிய பிரிட்ஜில் வைத்தேன். அங்கே சமையல் செய்கிறவர் நாவலப்பிட்டி முஸ்லிம் ஆள், நல்ல மனுஷன். மூன்றாம் வாரம் என்னைத் தேடி வேலிவரைக்கும் வந்தார்.

"மச்சான், கருப்பட்டி போட்ட எண்ட வட்டிலப்பம் பூடு மணக்குது! ஒண்டில் ஒண்ட பூடு அதுக்குள்ள ஈக்கணும், இல்லாட்டி எண்ட வட்டிலப்பம் ஈக்கணும்."

ரொட்டி சுடுகிற இரும்புப் பெட்டி ஒன்றில் என் வெள்ளைப்பூட்டைப் போட்டு மூடி பிரிட்ஜில் வைத்ததும்தான் அவருக்கு மனம் ஆறியது.

பெருமழை விட்ட பிறகு வாசல் பாத்தியில் பல் பல்லாக நட்டேன். மூன்று மாதத்துக்கு மேல் தினமும் காலையில் முதல் வேலை அங்கேதான். ஒருநாள் ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. அடுத்த கிழமைக்குள் பாத்தி முழுக்க வாத்துக் கழுத்து. முதலாளி அம்மா கொழும்பிலிருந்து வருகிற நாளும் நெருங்கியது. வளைந்த தண்டுகளைப் பார்த்தாலே போதும், பாத்தி நமக்குத்தான் என்று நினைத்தேன்.

புல் அதிகமாக இருந்ததால், அவர் வருவதற்கு முதல்நாள் ஒருவரை உதவிக்குக் கூட்டிவர மனேஜர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்தில் பேர் போடாத நாள், வேலை இல்லை. உங்கள் அம்மா வந்தாள். வழக்கம்போலக் கொழுந்து மலைக்குப் போகிற மாதிரி இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டாள். புல் பிடுங்கச் சொல்லிவிட்டு நான் பின்வேலி வெட்டப் போனேன்.

திரும்பி வந்தால் பாத்தியில் ஒரு புல் இல்லை. ஒரு தண்டும் இல்லை.

"என்ன செஞ்சிருக்க?"

"புல்லு பூரா எடுத்தாச்சுங்க. தண்டு தளதளன்னு வந்திருந்துச்சு. முத்துறதுக்குள்ள எடுத்துட்டேன்." மடித்துச் செருகிய படங்கை அவிழ்த்துக் காட்டினாள். நிறையத் தண்டு.

"அது பூ!"

"பூவா? பச்சையாத்தானே இருந்துச்சு?" என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "புல்லு எடுக்கத்தான் குனிஞ்சேன். கை தன்னால போயிருச்சுங்க."

பதினேழு வருஷமாகக் கொழுந்து எடுக்கிற கை. இளசாக ஒன்று நீட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கை கேட்டுக்கொண்டா போகும்? இன்று இப்படிச் சிரித்து எழுதுகிறேன். அன்று சிரிப்பு எங்கே வந்தது? பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் படங்கை ஏந்தியபடி நின்றாள்.

சத்தம் கேட்டு வந்த சமையல்காரர்தான் அதை வாங்கினார். "தா இங்க. நாளைக்கி மாசிக் கருவாடு போட்டுத் தாளிக்கிறன். பூக்காட்டியும் குசினிக்கு ஆகும்தானே."

மறுநாள் உங்கள் அம்மா கொழுந்து வேலைக்குப் போகவில்லை. என்ன ஆகுமோ என்று என்னோடு வந்து குசினி வாசலில் நின்றுகொண்டாள். முதலாளி அம்மா பகல் சாப்பாடு முடித்துத்தான் பாத்திக்கு வந்தார். வெறும் இலையைப் பார்த்து, "இதுல பூ வரும்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். மனேஜர் முந்திக்கொண்டார்: "குரங்கு மேடம். நேத்து ஒரு கூட்டம் வந்துட்டுது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். தலையை ஆட்டினால் போதும். ஆனால் உங்கள் அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"குரங்கு இல்லீங்க மேடம்," என்றேன். "என் சம்சாரம்."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. சமையல்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் போட்டது. இன்றைக்கும் என்னைக் கண்டால் அவர் கேட்பது, "எப்படி மச்சான், ஊட்டுல குரங்கு சுகமா?" என்றுதான்.

முதலாளி அம்மா சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். தண்டெல்லாம் ஒரே உயரத்தில், இலையில் ஒரு கீறல் இல்லாமல் ஒடிக்கப்பட்டிருந்தது. கத்தியால் கூட அப்படி வெட்ட முடியாது. "கொழுந்து எடுக்கிற கைங்க," என்று நான்தான் சொன்னேன். அப்போதுதான் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

"போஞ்சிக்காய் மாதிரி, ஆனா பூட்டு வாசத்தோட ஒண்ணு சாப்பிட்டேனே, அது இதுவா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "சரி, பூடு எப்படி வருதுன்னு பார்ப்போம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது. அடுத்த மாதம் தோண்டினால் ஒவ்வொன்றும் சின்னத் தோடம்பழம் அளவு, ஊதாக் கோடுகளோடு, எண்ணிப் பிரிக்கலாம் போலப் பல். பூத்தண்டை ஒடித்தால் அந்தச் சத்து கிழங்குக்குப் போகும் என்று மூத்தவள் போனில் படித்துச் சொன்னாள். காய்ந்த பிறகு அதைப் பின்னியதும் உங்கள் அம்மாதான். நடுக்குச்சி கட்டையாக இருக்கிறது, சடை வராது என்றேன். அவள் தென்னங்கயிற்றைச் சேர்த்து, பள்ளிக்கூடத்துக்கு உங்களுக்குத் தலை பின்னுகிற மாதிரி இழுத்துப் பின்னிவிட்டாள். அது கதவுக்கு மேலே ஏறிய அன்று மனேஜர் பாத்தியை என்னிடம் தந்தார். தண்டு ஒடிக்கிற காலத்தில் அவளையும் கூப்பிடச் சொன்னார்.

இந்த வருஷமும் தண்டு வந்துவிட்டது. பூவுக்கென்று ஓரத்தில் ஐந்தாறு செடிக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். இன்று காலை அவள் வருவதற்கு முன்னால், பாத்தியில் யாரும் இல்லாத நேரம், நூல் கட்டாத ஒரு தண்டை அவளைப் போலவே இரண்டு விரலில் பிடித்து ஒடித்துப் பார்த்தேன். நாராகக் கிழிந்து பாதியில் தொங்கியது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, அவள் கண்ணில் படாமல் இருக்க அதைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுவிட்டேன்.