யாரோட உங்களுக்குத் தொடர்பு?

கதவு தட்டுகிற வேலைகளில் ஆக மோசமானது, எதையும் தராமல், எதையும் விற்காமல், ஆட்களின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போவது. வெயிலில் படலை படலையாக அலைந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சாதாரண தரப் பரீட்சையில் நான் கணிதம் பெயில். எனக்குக் கிடைத்த முதல் வேலையோ கணித ஆராய்ச்சி. கொழும்பிலிருந்து வந்த சேருக்கு, வீட்டுக்குள்ளே போய்ப் பொம்பிளைகளோடு கதைக்க ஒரு கல்முனைப் பிள்ளை தேவைப்பட்டது, அவ்வளவுதான். சேர் கீறுகிற படத்தில் ஆள் ஒரு புள்ளி. இரண்டு பேர் கதைத்துக்கொண்டால் நடுவில் ஒரு கோடு. கோடெல்லாம் போட்டு முடிந்தால் காய்ச்சல் எப்படிப் பரவும், செய்தி எப்படிப் பரவும், பள்ளிக்கூடத்துப் பாடம் எப்படிப் பரவும் என்று எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் சொல்லலாமாம். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என்ன வலை?

"வலையமைப்பு ஆராய்ச்சி எண்டு சொல்லுங்க" என்றார் சேர். நானும் கடற்கரையில் அப்படியே சொன்னேன். சுனாமிக்குப் பிறகு எங்கட ஊரில் வாகனத்தால் இறங்கினவர்கள் எல்லாரும் எதையாவது தந்தவர்கள். தோணிக்காரர்கள் சுற்றிவர நின்றுகொண்டு, நைலோனா, கண் எத்தனை அங்குலம் என்று கேட்கத் தொடங்கினார்கள். இது மனிசரை இணைக்கிற வலை, கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களில் மூத்த காக்கா ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"கண்ணுக்குத் தெரியாத வலை எண்டா அது தங்கூசி வலைதான் புள்ள. எனக்கு ரெண்டு எழுது."

ஒரு கேள்வி

கோட்டுக்குச் சேர் வைத்த பெயர் 'தொடர்பு'. பாண்டிருப்பில் ஒரு அம்மா தேத்தண்ணி தந்து நல்லாத்தான் கதைத்துக்கொண்டிருந்தார். "உங்கட மகனுக்கு யார் யாரோட தொடர்பு?" என்று கேட்டேன். அவருடைய முகம் செத்துவிட்டது. வடக்கில் சண்டை முடிகிற கட்டம் அது. எங்கட பக்கத்தில் அந்தக் கேள்வியைச் சோதனைச் சாவடியில்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு ஆளை ஏற்றிக்கொண்டும் போவார்கள். நான் கணிதம், காய்ச்சல், கிளினிக் என்று உளறினேன். பாதி குடித்த கோப்பையை அவர் என் கையிலிருந்து வாங்கினார்.

"எண்ட புள்ளைக்கு ஒருத்தரோடயும் தொடர்பு இல்ல மகள். தாயோடயும் இல்ல எண்டே எழுதுங்க."

மையப் புள்ளி

அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'பழக்கம்' என்று கேட்டேன். குமர்ப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது அதைவிட வில்லங்கம். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கணக்கு விளங்காவிட்டால் யாரிட்டக் கேட்பாய் என்றதற்கு வகுப்பே ஒரு பெடியனின் பெயரைச் சொன்னது. சேருக்குச் சந்தோஷம். மையப் புள்ளி பிடிபட்டுவிட்டதாம், அவனுக்குப் படிப்பித்தால் எல்லாருக்கும் பரவுமாம். கொப்பிகளை வாங்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே பிழை. முன்வரிசை வாங்கில் இருந்த பிள்ளையிடம் காரணம் கேட்டேன்.

"அவனுக்குக் கணக்கு விளங்காது மிஸ். எங்களுக்குப் பாத்தெழுத அவண்ட எழுத்துத்தான் விளங்கும்."

தனிப் புள்ளி

கடலோரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் குடியேற்றிய வீட்டுத்திட்டம் ஒன்று இருந்தது. அங்கே அக்கா வயதில் ஒரு ராத்தா தனிய இருந்தார். "ஒரு வருத்தம் துன்பமெண்டா யாருக்குச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். மளமளவென்று பெயர் சொன்னார். எல்லாரும் கடலோடு போனவர்கள். "மௌத்தானவங்கள எழுத ஏலா ராத்தா, உசிரோட இருக்கிறவங்களச் சொல்லுங்க" என்றேன். எண்ணுவதற்கு ஒரு விரலை மடித்தார், பிறகு நிமிர்த்திவிட்டார். படத்தில் அவர் கோடில்லாத புள்ளியானார்.

சண்டை முடிந்து வந்த மாரியில் டெங்கு பரவியது. கோடு கூடின ஆட்களிடம் மட்டும் காய்ச்சல் கிளினிக் செய்தியைச் சொன்னால் போதும், மிச்சம் தானாகப் போய்ச்சேரும் என்றார் சேர். ராத்தாவுக்கு யார் சொல்லுவார்கள் என்று கேட்டேன். "தனிப் புள்ளிய விட்டாத்தான் சமன்பாடு தீரும்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேரே போனேன். ராத்தா போர்த்திக்கொண்டு கிடந்தார், உடம்பு கொதித்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று சொல்லி வாட்டில் மறித்தார்கள்.

அவர் தப்பி வீடு வந்த பிறகு, படத்தில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கோடு போட்டேன். கேள்வி கேட்கிற ஆள் படத்துக்குள் வரக்கூடாது என்று சேர் அதை அழித்துவிட்டார். அவர் சொன்னது சரியோ பிழையோ, எனக்குத் தெரியாது. ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அழிச்சா அழிக்கட்டும் புள்ள. இன்னொரு சேர் வந்து கேட்டா ஒண்ட பேரச் சொல்லட்டா?"

கணிதத்தில் பெயிலான நான் கணிதத்துக்குச் செய்த தொண்டு ஒரேயொரு கோடு, அதுவும் கணக்கில் சேராது.