வாட்ச்காரர் முகம் வந்த செய்தி

தையல்கடை மாடியில் இரண்டே அறைகளில் நடந்த அந்தச் செய்தித் தளத்தில் அவள் பிழை திருத்துபவளாகத்தான் சேர்ந்தாள். ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் ஆபீஸில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்றே பெயர். வீட்டில் அக்கா, அக்கா மகள், அவள் என மூன்றே பேர். கம்ப்யூட்டர் ஒரு வேலையைத் தானே செய்யும்படி ஸ்கிரிப்ட் எழுத அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தட்டுத்தடுமாறித் தானாகப் பழகிக்கொண்டது.

“வெறும் லிங்க் போட்டா ஒருத்தனும் தொடமாட்டேங்கிறான்மா. படத்தோட போனாத்தான் படிக்கிறாங்க,” என்று ஆசிரியர் ஒருநாள் புலம்பினார். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். செய்திப் பக்கத்தை அது தானே திறக்கும். தலைப்பு, முதல் இரண்டு வரி, ஒரு படம், மூன்றையும் எடுத்து ஒரே அட்டையாக ஒட்டி ஊரிலுள்ள போன் குரூப்புகளுக்கெல்லாம் அனுப்பிவிடும். செய்திக்கென்று படம் இருந்தால் அந்தப் படம். இல்லாவிட்டால் பக்கத்தில் முதலில் அகப்படும் பெரிய படம்.

ஸ்கிரிப்டின் அந்தக் கடைசி வரிதான் வினை. ஒருமுறை குடிநீர் அதிகாரியின் பேட்டிக்குக் குக்கர் விளம்பரம் ஒட்டிக்கொண்டு போனது. “அதிகாரி எத்தனை விசிலுக்கு எறங்குவாராம்?” என்று ஆபீஸே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். சரிசெய்ய வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினாள். ஒட்டியதோடு சரி.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். அக்கா போன் செய்தாள்.

“பள்ளிக்கூட குரூப்ல வந்திருக்கே, பாத்தியா? கடைத்தெரு வாட்ச்காரன்டி. புள்ளய கடத்தப் பாத்தானாம். எப்பவும் பூனை மாதிரி உக்காந்திருப்பான், அவனுக்குள்ள இவ்வளவு இருக்கு பாரு. நம்ம பாப்பாவ கூட்டிக்கிட்டு எத்தன தடவ அந்தக் கடைக்குப் போயிருக்கேன்.”

“என்னக்கா சொல்ற?”

“உங்க தளத்துலதான் போட்டிருக்கு. உனக்கே தெரியாதா?”

அவள் அட்டையைத் திறந்தாள். ‘பள்ளி வாசலில் குழந்தையைக் கடத்த முயற்சி: மர்ம நபர் தப்பி ஓட்டம்.’ தலைப்புக்குக் கீழே வாட்ச் ரிப்பேர்காரரின் சிரித்த முகம். செய்தியில் படமே கிடையாது. பக்கத்தின் மேலே அவர் கடை விளம்பரம் இருந்தது. ஸ்கிரிப்ட் அந்த எழுத்துகளையெல்லாம் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்திருக்கிறது. அதற்குக் கீழே யாரோ தங்கள் பங்குக்கு எழுதியிருந்தார்கள்: ‘இவனைப் பார்த்தால் விடாதீர்கள்.’

அவள் உடனே ஸ்கிரிப்டில் அந்தக் கடைசி வரியை அழித்தாள். இனிமேல் படம் இல்லையென்றால் படம் இல்லை. ஆனால் போன அட்டை போனதுதான். எத்தனை போனில் இறங்கியிருக்கிறதோ, அதை அவளால் பிடுங்க முடியாது.

ஆசிரியரிடம் ஓடினாள். அவர் முகமும் வெளுத்தது. ஆனாலும், “நாம அவர் பேரை எங்கயும் எழுதலையே? மறுப்புப் போட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ரெண்டு மணி நேரம் பேசாம இரு, அடங்கிடும்,” என்றார்.

“அதுக்குள்ள அவர அடிச்சிட்டா சார்?”

அவள் போலீஸுக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். விளம்பரத்திலிருந்த எண்ணுக்கு மூன்று தடவை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கடைத்தெருவுக்கு மூன்று தெரு. எதிரே வந்தவர்கள் கையிலெல்லாம் போன். எல்லாரும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. தூரத்தில் யாரோ ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டபோது கால் ஓரடி பின்னுக்குப் போனது. திரும்பிவிடலாம், போலீஸ்தான் வருமே என்று மனசு சொன்னது. ஸ்கிரிப்ட் எழுதியவள் அவள் என்று இங்கே யாருக்குத் தெரியும்?

கடை முன்னால் முப்பது பேர் நின்றார்கள். பாதி பேர் பள்ளிக்கூடத்துத் தாய்மார்கள். ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. தடியான ஒருவர் அதைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஷட்டருக்கு முதுகு காட்டி நின்றாள்.

“இவர் இல்லீங்க. படம் தப்பா வந்துடுச்சு.”

“நீ யாரும்மா? அவன் வீட்டுக்காரங்களா?”

“அந்தச் செய்தித் தளத்துல வேலை பாக்கிறேன். அந்தப் படம் வர்ற மாதிரி வெச்சது நான்தான்.”

முப்பது முகமும் அவள் பக்கம் திரும்பியது. தடியானவர் நெருங்கி வந்தார். “பிள்ளைங்க விஷயத்துல வெளையாடுறீங்களா?” ஒரு கை அவள் தோளைப் பிடித்து உலுக்கியது. அவள் போனை நீட்டிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். “மேல பாருங்க, இவரோட கடை விளம்பரம். செய்தி கீழ இருக்கு. ரெண்டையும் சேத்து ஒட்டினது என் தப்பு.”

ஒரு தாய் போனை வாங்கிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. “அப்போ இந்த ஆளு இல்லையா?” என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். போலீஸ் வண்டி வந்தபோது பாதிப் பேர் நழுவியிருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

போலீஸ்காரர் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு நெம்பித் தூக்கினார். புருவத்துக்கு மேல் ரத்தம் கசிய, மேசைக்கடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார் வாட்ச்காரர். உள்ளேயிருந்து பூட்டுவதற்கு முன்பே ஒரு கல் வந்திருக்கிறது.

“என் மூஞ்சிய எடுத்துப் போட்டது யாரு?” என்று கேட்டார்.

“நான் எழுதின ஸ்கிரிப்டுங்க.”

“அதுக்கு என்னைத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

அவர் தலையாட்டினார். அவள் நீட்டிய கைக்குட்டையை வாங்கவில்லை.

மாலைக்குள் ஆசிரியர் மறுப்பைப் போட்டார். அவள் எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டார். ஆனால் பழைய அட்டை ஓடிய ஓட்டத்தில் கால்வாசி தூரம்கூட மறுப்பு ஓடவில்லை. இரண்டு வாரம் கழித்தும் எங்கோ ஒரு குரூப்பில் அந்த முகம் வந்ததாக அக்கா சொன்னாள். வாட்ச்காரர் பதினோரு நாள் கடை திறக்கவில்லை. திறந்த பிறகும் ஷட்டரைப் பாதிதான் தூக்கிவைத்தார். குழந்தையோடு யாராவது வந்தால் வேலையை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்து நின்றுதான் பேசினார்.

அவள் வேலையை விடவில்லை. ஒவ்வோர் அட்டையையும் தன் கண்ணால் பார்த்த பிறகே அனுப்புகிறாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வரும். அனுப்பும் பொத்தானுக்குமேல் விரல் வந்ததும் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறது. “இவ்வளவு நேரமாம்மா?” என்று ஆசிரியர் சலித்துக்கொள்வார். அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் அழுத்துவாள்.