கதவில் ஒட்டிய பெயர்

நவம்பரில் வரும் இறந்த ஆத்துமாக்களின் திருநாளுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுவது என் வேலை. மன்னாரில் எழுதினேன், கடல் கடந்து இந்தப் பிளாக்ஹவுஸ் பே என்ற ஊருக்கு வந்தும் விடவில்லை. பட்டியலைக் கோவில் கதவில் ஒட்டுவேன், பூசையில் வாசிப்பதும் நான்தான். ஒரு ஆத்துமாவும் விடுபடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

பக்கத்து வீட்டுக்காரி ருமேனியாவில் பிறந்தவர், என் வயதுதான். பாட்டுக்காக எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருவதாகச் சொல்வார். பூசை முடிந்து நாங்கள் கொடுக்கும் மீன் ரோல்ஸுக்காக என்று எனக்குத் தெரியும். எத்தனை வருடமாகியும் தன் பக்கத்து ஆத்துமா ஒன்றின் பெயரையும் அவர் தந்ததில்லை. பாவம், கேட்கக் கூச்சம் போலும் என்று, அவர் வீட்டுச் சுவரில் தகப்பனின் படத்துக்குக் கீழே இருந்த பெயரை நானே பட்டியலில் சேர்த்தேன்.

"நீர் அவவைக் கேட்டனீரோ?" என்றார் என் கணவர்.

"செத்த தேப்பனுக்குச் செபம் சொல்ல ஆரைக் கேக்கிறது?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கதவடியில் அந்தப் பெயரைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்காரியின் முகம் வெளிறிப்போயிற்று. என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துப் போய், தன் ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னார். கம்யூனிஸ்ட் ஆட்சியில் பக்கத்து ஊர்ச் சுவாமியார் பணிய மறுத்துச் சிறைக்குப் போனார், அவருடைய கோவில் தானியக் கிடங்காயிற்று. இவருடைய ஊர்க் கோவில் மட்டும் திறந்திருந்தது. அங்கே மணியடிக்கும் இவருடைய அப்பா, பூசைக்கு வந்தவர்களின் பெயர்களை வாராவாரம் ரகசியப் பொலிசுக்கு எழுதிக் கொடுத்தார். இவர்கள் ஊர்ச் சுவாமியாருக்கு அது தெரியும், கோவில் பிழைத்தால் போதுமென்று கண்ணை மூடிக்கொண்டார். ரகசியமாகத் தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பித்த ஒரு வாத்தியார், அப்பா எழுதிக் கொடுத்ததால் பிடிபட்டுச் சிறையிலேயே செத்துப்போனார்.

"பெயர் எழுதிக் கொடுத்தவரின் பெயரை நீ கதவில் ஒட்டியிருக்கிறாய்," என்றார்.

எங்கள் ஊரிலும் போர்க்காலத்தில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டிகளை ராணுவம் கொண்டுவந்து நிறுத்தும். அவர்கள் தலையசைத்துக் காட்டிய பிள்ளைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போகும். பிறத்தியாரின் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் செபம் சொன்ன நான், அந்தத் தலையாட்டிகளுக்கு ஒரு செபம் சொன்னதில்லை. சொல்லவும் மனம் வந்ததில்லை.

"கிழித்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் என் பேனாவை வாங்கி, கதவடிக்குப் போய், தன் அப்பாவின் பெயருக்கு மேலே வாத்தியாரின் பெயரை எழுதினார். "இவரை முதலில் வாசி," என்றார்.

வாசித்தேன். பூசையில் வாத்தியாரின் பெயர் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரி தனியாக எழுந்து நின்றார். எங்கள் அன்பான அசட்டுச் சனத்துக்கு ஒருவர் எழும்பினால் போதுமே, என்ன ஏது என்று கேளாமல் கோவில் முழுவதும் எழும்பி நின்றது.

அடுத்து இருந்த அவருடைய அப்பாவின் பெயரையும் வாசித்தேன். ஒருவரும் உட்காரவில்லை.