கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

மெத்தையின் மூலையை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் விரிப்பை அடியில் தள்ளி, தொங்கிய முனையைக் கடித உறை போல மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள் மாடி வீட்டுப் பெண். நான்கு மூலையும் முடிந்ததும் உள்ளங்கையால் நடுவில் ஒருமுறை தேய்த்தாள். ஒரு சுருக்கம்கூட இல்லை. சுருக்கம் இருந்தால் படுத்தே கிடப்பவருக்கு முதுகில் புண் வரும். அதற்காகத்தான் இந்தப் பாடு, அழகுக்காக இல்லை. அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவன் அவள் கணவன். எடை எண்பத்தெட்டு கிலோ. உடம்பில் ஒரு நோயும் கிடையாது.

"உங்களுக்கு வலது பக்கம் வராது. பேச்சும் வராது. புரியுதா?"

"புரியுது."

"பேச்சு வராதுன்னு இப்பதானே சொன்னேன்?"

அவன் வாயை மூடிக்கொண்டு படுத்தான். வாங்கிய வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் கதவருகே நின்றேன். என் எதிரில் அவள் அவனை 'ஏங்க' என்பாள், 'நீங்க' என்பாள். கதவைச் சாத்தினால் 'டேய்'தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தளம் மெல்லியது, எனக்குக் காதும் இன்னும் நன்றாகவே இருக்கிறது.

அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள். கால்களைக் கீழே விட்டு உட்காரவைத்தாள். அவன் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, கைகளை அவன் தோள்பட்டைக்குப் பின்னால் கோத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். எண்பத்தெட்டு கிலோவும் இலை மாதிரி எழுந்தது, திரும்பியது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது. அவள் பாதம் சரியான இடத்தில் இருந்தது. முதுகு வளையவில்லை.

"சரியா இருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரி வேலையில் நாற்பது வருடம், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டவள் நான். அன்றைக்கு என் கண்ணிலும் மண் விழுந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவர்கள் இந்தப் பெரிய நகரத்துக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. அவளுக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு இருபத்தைந்து. அவன் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் வேலை செய்கிறான். சேர்ந்த வாரத்திலேயே ஒரு ஃப்ரிட்ஜை முதுகில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு தனியாளாக மூன்று மாடி இறங்கினான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் ஃப்ரிட்ஜ். பெண்டாட்டியின் போனில்கூட அந்தப் பெயர்தான்.

அவள் காலையில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் செவிலி உதவியாளர் படிப்பு படிக்கிறாள். மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை: கண்ணாடி துடைப்பது, குட்டித் திருகாணி முடுக்குவது, முகத்துக்குப் பொருந்தாத ஃப்ரேமை நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது முதலாளிக்குப் பிடிக்காது, வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கும்.

ஏன் இந்தப் படிப்பு என்று ஒருநாள் கேட்டேன். "பெரிய காரணம் ஒண்ணும் இல்ல பெரியம்மா. நான் போன அன்னிக்கு இதுல மட்டும்தான் இடம் இருந்துச்சு" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. சேவை செய்யப் பிறந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாம் மாதம் காணாமல் போய்விடுவார்கள்.

பாடத்தில் அவள் கெட்டி. இடறியது ஒரே இடத்தில்: நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் செய்முறைத் தேர்வு. நோயாளியாகப் படுப்பவர் அந்த ஆஸ்பத்திரியின் வார்டு உதவியாளர். ஆள் வாட்டசாட்டம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மலை. பக்கவாதம் என்று சொல்லிவிட்டால் மனிதர் உண்மையாகவே விழுந்து கிடப்பார், யாருக்கும் சலுகை கிடையாது. ஆறு வாரத்துக்கு முன்னால் இவள் "மூணு" சொல்லி இழுத்தாள். மலை பாதி எழுந்தது. அப்புறம் இருவரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

தேர்வுக்கு வாய்ப்பு இரண்டுதான். இரண்டாவதும் போனால் முழு வருடத்தையும் திரும்பப் படிக்கவேண்டும். முதியோர் வார்டில் அடுத்த மாதம் சேரச் சொல்லி ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அதனால், முதல் தேர்வுக்கு முன்பு அவ்வப்போது பழகியவள், இந்த ஆறு வாரமும் ஒரு நாள் விடாமல் வீட்டில் ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துப் பழகினாள். ஒவ்வொரு நாளும் அவன் இலை மாதிரிதான் எழுந்தான்.

"வீட்ல வருது பெரியம்மா. அங்க போனா கை செத்துப் போகுது. பயம்தான் எனக்கு வியாதி."

நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு என்றேன். இல்லாத வியாதிக்கு மருந்து சொன்னேன்.

நான் வாளி கொடுக்கப் போனது செவ்வாய்க்கிழமை. தேர்வு வியாழன் காலை. நடுவில் புதன் இருந்தது.

புதன்கிழமை அவளுக்கு வகுப்பு மதியத்தோடு முடியும், கண்ணாடிக் கடைக்கும் விடுமுறை. அவனுக்கு அரை நாள். வாரத்தில் இருவருக்கும் ஒத்துவருவது அந்த ஒரு மதியம்தான். நகரத்துக்கு வந்த புதிதில் அவள் தவறான பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் போய் இறங்கினாள். அழுவாள் என்று பார்த்தால், அவனுக்குப் போன் போட்டு, "இங்க நல்லா இருக்கு, நீயும் வா" என்றிருக்கிறாள். அதிலிருந்து வாரம் விட்டு வாரம் ஒரு பஸ். ஒன்றாம் எண்ணில் தொடங்கி வரிசையாக. நடுவில் இறங்கக்கூடாது. அங்கே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே யாரிடமும் கேட்கக்கூடாது. போய் இறங்கி, கால் ஓயும்வரை சுற்றிவிட்டுத் திரும்புவார்கள்.

இப்படி முப்பத்தொரு பஸ் ஆயிற்று. பொத்தான் மட்டுமே விற்கிற ஒரு தெரு, விமானங்கள் தலைக்கு மேலே இறங்கும் ஒரு வேலி ஓரம், குடிநீர் சுத்திகரிக்கும் தொட்டிகள், இரண்டாயிரம் ஜன்னல் இருக்கும் ஒரு குடியிருப்பு. ஜன்னல்களை உண்மையாகவே எண்ணியிருக்கிறார்கள். இந்த ஊரில் முப்பது வருடமாக இருக்கும் நான் அவற்றில் நாலைக்கூடப் பார்த்ததில்லை. அவள் மருந்துக்கடைகளை வைத்து இடத்தை நினைவு வைத்துக்கொள்வாள். அவன் மாடிப்படிகளை வைத்து. "அந்தத் தெருவா? அங்க பீரோ திரும்பாது" என்பான். அவன் சொல்லும் நகரத்தில் எல்லாம் அகலமும் உயரமும்தான்.

அந்தப் புதன் அவள் வரமாட்டேன் என்றாள். படியில் நடந்த பேச்சு என் காதில் விழுந்தது.

"நாளைக்குப் பரீட்சை வெச்சுக்கிட்டு ஊர் சுத்தச் சொல்றியா?"

"மூளைக்குக் காத்து வேணும்."

"அது மூளை இருக்கிறவங்களுக்கு."

"அதான் உன்னைக் கூப்பிடறேன். எனக்குன்னா நான் வீட்லயே இருந்திருப்பேனே."

கிளம்பிவிட்டார்கள். இனி நான் சொல்வது அவள் என்னிடம் சொன்னது. இடையிடையே அவன் திருத்தியதையும் சேர்த்திருக்கிறேன்.

முப்பத்திரண்டாம் எண் பஸ். அவன் அன்று காலை ஒரு பியானோவை நாலு மாடி இறக்கியிருந்தான். மூன்றாவது நிறுத்தத்திலேயே தூங்கிப்போனான். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, பழைய பஸ்களை வரிசையாக நிறுத்தியிருந்த ஒரு பெரிய டிப்போ மைதானத்தின் ஓரம் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தொப்பை ஸ்டியரிங்கைத் தொடும் ஆள்.

"கடைசி ஸ்டாப்மா. எழுப்பு உன் ஆளை."

தட்டினாள், உலுக்கினாள், கிள்ளினாள். அசையவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: தினமும் தூக்குகிற ஆள்தானே, தூக்கி நிறுத்தினால் விழித்துக்கொள்ளப்போகிறான். கால்களைச் சரியாக வைத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, தோளுக்குப் பின்னால் கை கோத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஓர் அங்குலம்கூட வரவில்லை.

மறுபடியும் செய்தாள். அவன் தலை அவள் தோளில் சாய்ந்ததுதான் மிச்சம்.

"ஏம்மா, அதுக்கு நீ பஸ்ஸையே தூக்கிடலாம்" என்றார் டிரைவர்.

மூன்றாவது முறை அவள் நெற்றி அவன் மூக்கில் இடித்தது. கண்ணைத் திறந்தான். "வந்தாச்சா?"

அவள் அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"வீட்ல எப்படி எழுந்திருக்கிற?"

"நீ தூக்கற, எழுந்திருக்கிறேன்."

"டேய்."

ஊர் முன்னிலையில் அன்றைக்குத்தான் 'டேய்' வெளியே வந்தது. அவன் மூக்கைத் தடவிக்கொண்டே, "கால்ல கொஞ்சமா அழுத்துவேன்" என்றான். "கொஞ்சமாதான்."

"எத்தனை நாளா?"

"மொதல்லேர்ந்து."

அவள் இறங்கிப் போய் நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் பின்னாலேயே வந்து, உட்காரலாமா வேண்டாமா என்று நின்றான்.

"காலைலேர்ந்து நின்னுட்டு வர. உன் முதுகு போயிடும்னு பயந்தேன். அதோட, நான் எழுந்ததும் உன் மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும்..."

"நான் ஃபெயில் ஆன அன்னிக்கு அந்தச் சந்தோஷம் தெரிஞ்சுதா? ஆறு வாரமா என் கையைத் திட்டிட்டு இருக்கேன். நீ பாரம் தூக்கறவன்தானே? உன் முதுகுல இருக்கிற ஃப்ரிட்ஜ் உனக்கு உதவி பண்ணுதா?"

"இல்ல."

"அப்ப படு."

"இங்கயா?"

"இங்கதான். செத்த மாதிரி."

அவன் படுத்தான். இந்த முறை உண்மையாகவே உடம்பை விட்டான். அவளால் உட்காரவைக்க முடிந்தது, எழுப்ப முடியவில்லை. நாலு தடவை பார்த்தாள். அதற்குள் டிப்போ ஆட்கள் சுற்றி வந்துவிட்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்த டிக்கெட் பரிசோதகர் அம்மாள், விஷயம் தெரிந்ததும், "மொதல்ல சின்னதா தொடங்கு" என்று ஒல்லியான கண்டக்டரைப் பிடித்து பெஞ்சில் தள்ளினார்.

"எனக்கு டியூட்டி இருக்குங்க."

"பக்கவாதம் வந்தவனுக்கு என்ன டியூட்டி? படு."

கண்டக்டரைத் தனியாகத் தூக்கினாள். கைதட்டினார்கள். அடுத்து மெக்கானிக் ஒருவரைத் தூக்கினாள், ஆனால் மூச்சு வாங்கியது. அப்புறம் தொப்பை டிரைவர் தானாகவே வந்து படுத்தார். "இவங்கல்லாம் நடிக்கிறாங்க தங்கச்சி. நான் நெஜமாவே சோம்பேறி."

அவரிடம் அவள் கை வைத்த உடனே தெரிந்துவிட்டது, இது நகராது என்று. இழுக்கவில்லை. அவளுடைய பாடப் புத்தகத்தில், தனியாக முடியாது என்று தோன்றினால் தொடாதே, ஆள் கூப்பிடு என்று ஒரு வரி இருக்கிறது. மனப்பாடமாகத் தெரியும். இலை மாதிரி எழுகிற நோயாளியை வைத்துக்கொண்டு பழகியதால் அந்த வரிக்கு வேலையே வரவில்லை.

"அக்கா, அந்தப் பக்கம் வாங்க" என்று பரிசோதகரைக் கூப்பிட்டாள். இருவரும் டிரைவரின் இடுப்புப் பெல்ட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"பாத்தும்மா, பெல்ட் அறுந்தா வேலைக்கு வரமுடியாது" என்றார் அவர்.

மூன்று எண்ணுவதற்குள் எழுந்து, திரும்பி, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அதே முறையில் ஃப்ரிட்ஜையும் தூக்கினார்கள். பிறகு அரை மணி நேரம் ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, தூக்காமல், கை மட்டும் வைத்து, "தனியா முடியும்," "முடியாது" என்று சொல்லிப் பழகினாள். முப்பத்திரண்டாம் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் அவர்கள் வேறு எதையும் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவன் தூங்கவில்லை. தைரியம் வரவில்லையாம். பாதி வழியில் அவள் அவன் கையில் ஒரு குத்து விட்டு, "அந்தக் கண்டக்டர் பாவம்" என்று சிரித்தாளாம். அதோடு சண்டை முடிந்தது.

மாலை படியில் நின்று என்னிடம் சொன்னபோது அவன் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். அந்த உடம்பு அவளுக்குப் பின்னால் எங்கே மறையும்? நான் அவனைத் திட்டவில்லை. செவ்வாயன்று அவன் தொடையில் ஒரு கை வைத்துப் பார்த்திருந்தால் சதை இறுகுவது எனக்கே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"நாளைக்கு மொதல்ல தொடையில கை வைக்கிறேன் பெரியம்மா" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மலை கட்டிலில் கிடந்தார். அவள் சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டு, ஒருமுறை தள்ளிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அவரைத் திருப்பி உட்காரவைத்தாள். தொடையில் கை வைத்து, "காலை ஊனிப் பாருங்க" என்றாள். சதை பஞ்சு மாதிரிக் கிடந்தது. கையை எடுத்துவிட்டுத் தேர்வாளரைப் பார்த்தாள்.

"இவரை நான் தனியாத் தூக்க மாட்டேன் மேடம். எனக்கு இன்னொரு ஆள் வேணும்."

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வரிசையில் நின்ற அடுத்த பெண்ணை விரலால் அழைத்தார். இருவரும் மலையின் இடுப்பில் பட்டையைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூன்று எண்ணினார்கள். மலை எழுந்தது, திரும்பியது, நாற்காலியில் உட்கார்ந்தது. அவள் அவர் பாதங்களை நாற்காலியின் கால்பலகையில் எடுத்து வைத்து, வராத கையை மடியில் கிடத்தி, முழங்காலுக்குத் துணி போர்த்தினாள். தேர்வாளர் தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, "ஆறு வாரத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றார்.

பேச்சு வராத மலை அப்போது வாயைத் திறந்தார். "பாஸ் பண்ணிட்டீங்க, சந்தோஷம். என்னைத் திரும்பக் கட்டில்ல போட்டுட்டுப் போங்கம்மா. இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

இருவரும் மறுபடி பட்டையைப் பிடித்து, மூன்று எண்ணி, அவரைக் கட்டிலில் போட்டார்கள்.