குலுக்கலுக்கு முன்பே பங்கு பிரித்த செங்கல்

ஈப்போவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், மேல்வீட்டுக்காரர் ஒரு வாரமாகக் குளியலறையை உடைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். சத்தம் தாங்காமல் எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கோ படியேறும்போது ஈரச் சிமெண்டு வாசம் வந்தால் போதும், அப்படியே நின்றுவிடுகிறேன். மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகை பிடிக்கும், எனக்குச் சிமெண்டு. வாங்கி வந்த வரம் அப்படி.

சிமெண்டு வாசம் என்றால் எனக்கு அம்மா ஞாபகம்தான். ரப்பர் பால் வாசம் என்று சொல்வேன் என்றுதானே நினைத்தீர்கள்? தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துத்தான் என்னை வளர்த்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் அந்தத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நின்ற எங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எந்நேரமும் புல்டோசர் வரலாம் என்றுதான் அப்போது ஊர்ப் பேச்சு.

பக்கத்து வீடு பாப்பாக்காவுடையது. அம்மா வேலைக்காட்டுக்குப் போனபோது பிள்ளைக் கொட்டகையில் எனக்குச் சோறூட்டிய ஆயா அவள். பிள்ளை குட்டி கிடையாது, புருஷனும் போய்விட்டார். சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. அம்மாவின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

"வீடு கெடைக்குதோ இல்லியோ, பாப்பா எம்பக்கத்துல இருக்கணும். தனியா விட்டா அவ செத்துருவா" என்பாள் அம்மா.

ஊரே அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்து, கத்திக் களைத்த பிறகு ஒரு வழி பிறந்தது. அரசாங்கம் வீடமைப்புக் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டி, அதில் தோட்டத்து ஓரத்திலேயே மலிவு விலை வரிசை வீடுகள் கட்டுவதாக முடிவானது. வீடும் எங்களுக்குத்தான், கட்டுகிற வேலையிலும் எங்களுக்குத்தான் முதலிடம், அதை மீறினால் குத்தகைக்காரருக்குப் பணம் வராது. இந்த நிபந்தனையை எழுதிய மகராசன் யாரோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். நான் ஈப்போவில் கைப்பேசிக் கடை வேலையை விட்டுவிட்டுச் செங்கல் சுமக்க வந்தேன். என் நகத்துச் சாயம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அம்மா பூச்சு வேலை கற்றாள். பாப்பாக்காவுக்குத் தேநீர் போடும் வேலை.

மேற்பார்வையாளர் வோங் ஒரு சீனர், சிலிம் ரிவர் ஊர்க்காரர், தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். எங்கள் பெண்களோ பழக்க தோஷத்தில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற மாதிரி விடியுமுன்னே நெற்றி விளக்கோடு போய் நின்றுவிட்டார்கள். பெயர் கூப்பிடக் கங்காணி இல்லை. சும்மா நிற்கத் தெரியாத சாதி அல்லவா, லோரி இறக்கிய செங்கல்லை மனை மனையாக அடுக்கத் தொடங்கினார்கள். லயத்தில் யார் வீடு யார் பக்கமோ, அதே வரிசையில். தன் மனை என்று நினைத்ததில் ஒருத்தி துளசியே நட்டுவிட்டாள்.

வோங் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஐயோ அக்கா, வீடு குலுக்கல்லதான் குடுப்பாங்க லா. யாருக்கு எதுன்னு இப்ப தெரியாது."

அம்மா கையிலிருந்த பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப குலுக்கி முடிங்க, வேல செய்றோம்" என்று செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் கங்காணி துரத்தினால் ஓடிய அதே பெண்கள்தான். இப்போது அவர்கள் கை ஓய்ந்தால் வீடு எழும்பாது, நிபந்தனைப்படி வேறு ஆளும் போட முடியாது.

மதியத்துக்குள் வீடமைப்பு அலுவலகத்து மலாய்க்கார அம்மாள் வந்தார். பாரபட்சம் கூடாது என்றுதான் குலுக்கல் என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா தன் தோட்டத்து மலாயில் பதில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நாங்க நல்ல வீடு கேக்கல. பக்கத்து வீட்டத்தான் கேக்குறோம்."

அந்த அம்மாள் பாப்பாக்கா நீட்டிய தேநீரைக் குடித்தார். பிறகு யார் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். கடைசியில் வீட்டுக்கொரு சீட்டு இல்லை, லயத்துக்கொரு சீட்டு என்று முடிவானது. எந்தத் தெரு என்பதைச் சீட்டு சொல்லும். தெருவுக்குள் வரிசை எங்கள் பழைய வரிசைதான். வோங்தான் முதலில் கை தட்டினார். அம்மா பாப்பாக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுதோம்.

அம்மா இன்றைக்கும் பூச்சு வேலைக்குக் காம்பார் வரை போகிறாள். பாப்பாக்கா கண் சிகிச்சைக்குப் பிறகு தெருவுக்கே காவல்காரி. லயம் தரைமட்டம். பெரட்டுக் களம் இருந்த இடத்தில் தார்ரோடு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வைத்த மாமரத்தின் சருகு பாப்பாக்கா வாசலில் விழுகிறதாம், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "பேசாம இருந்து எத்தன நாளாச்சு?" என்றேன். "அவளே வந்து பேசட்டும். எங்க போயிறப் போறா?" என்றாள் அம்மா.

லயத்தில் அவர்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. நாளைக்கு யார் எங்கே கிடப்போமோ என்ற பயத்தில் சண்டைக்குத் தைரியம் வந்ததில்லை. அந்தப் பயம்தான் போய்விட்டது.