எந்தப் பக்கம் வெட்டியது

கறுப்பு பேக்லைட் வில்லை ஒன்றை, தாள்கள் பறக்காமல் இருக்க என் மேசையில் வைத்திருக்கிறேன். கேரம் காயைவிடத் தடிமன். நடுவில் கற்கண்டு அளவில் ஓர் உலோகத் துண்டு பதிந்திருக்கும். இளைய மகள் அதை வாயில் வைத்துவிடுவாளோ என்று பயந்து தினமும் இடம் மாற்றுகிறேன். அதைக் கொடுத்தவர், சில வருடங்களுக்கு முன் அடையாறில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி. மயிலாப்பூர்க்காரர். நான் அக்கா என்பேன்.

லேசர் ஒளியால் உலோகப் பொடியை உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காகச் சுவர் எழுப்புவது அவர் ஆராய்ச்சி. ஒளி படும் இடத்தில் கடுகளவு உலோகம் உருகி, ஒளி நகர்ந்ததும் கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடும். சூடு கீழ்நோக்கி இறங்குவதால் உறைதல் அடியிலிருந்து தொடங்கும். புதிய அடுக்கின் படிகங்கள், கீழே உறைந்திருக்கும் படிகங்களின் தொடர்ச்சியாகவே வளரும். அவை அடுக்குகளைத் தாண்டி நெடுந்தூண்களாகிவிட்டால், தூண்களுக்கு இடையே விரிசல் ஓட வழி கிடைத்துவிடும். லேசரின் வேகத்தையும் சக்தியையும் மாற்றி, தூண்களுக்குப் பதிலாகப் பொடிமணிகளை உறையவைத்துவிட்டதாக அக்கா நம்பினார். நுண்ணோக்கிப் படங்களிலும் உருண்டை மணிகள்தான் தெரிந்தன. ஆய்வேடு முழுவதும் அதை நம்பி நின்றது. தி.நகரில் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தை வரைக்கும்தான் காத்திருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

படங்களை ஒட்டி, எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். சுவரை மேலிருந்து கீழாக வெட்டிய முகத்தில், அடுக்குகளின் வளைகோடுகள் மீன் செதில் போலத் தெரியும். மணிகள் தெரிந்த முக்கியமான படத்தில் அப்படி ஒரு கோடுகூட இல்லை. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, வெட்டிய துண்டை பேக்லைட்டில் பதிக்கும்முன் அதன் மேல்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போடுவது எங்கள் வழக்கம். அக்கா போடமாட்டார்; பார்த்தாலே தெரியும் என்பார். துண்டு புரண்டு பதிந்திருந்தால், நாங்கள் தூண்களைத் தலைமேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோடுகளை வெளிக்காட்டும் அமிலம் சரியாகப் படவில்லையோ, என் கண்தான் சரியில்லையோ என்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து என் மூத்த மகளை அழைத்துவரும் வழியெல்லாம் யோசித்தேன். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றார் என் கணவர். மறுநாள் சொல்லிவிட்டேன்.

“கொழந்தைக்குப் பால் குடுத்தோமான்னே ரெண்டு தடவை யோசிக்கறவ நீ,” என்று அக்கா சிரித்தார். ஆனாலும் வில்லையை உடைத்துத் துண்டை எடுத்தார். திருப்பிப் பதித்து, தேய்த்து, அமிலத்தில் காட்டி, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

“ஊதுவத்திக் கட்டைத் தலைப்பக்கமா பாத்துண்டு, புள்ளி புள்ளியா இருக்குன்னு எழுதிண்டிருந்திருக்கேன்.”

அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட்டால் ஆகாதா என்று அவர் அப்பா கேட்டிருக்கிறார். எடுத்தால் மிச்சம் அட்டைதான் என்று அக்கா சொல்லிவிட்டார். சுவர்களை மறுபடி எழுப்பினார். தை வந்தது, போனது. தி.நகர் வீட்டார் வேறு பெண் பார்த்தார்கள். தூண்கள் அப்போதும் மணிகளாகவில்லை; எந்தெந்த நிலைகளில் ஆகாது என்பதே கடைசியில் ஆய்வேடு ஆயிற்று. நான் பேசாமல் இருந்திருக்கலாமோ என்று அந்த வருடம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்கத் துணியவில்லை.

வாய்மொழித் தேர்வன்று அவர் அப்பா கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்ப் பேராசிரியர் முதல் படத்தைக் காட்டி, இதை எந்தப் பக்கம் வெட்டினீர்கள் என்று கேட்டார்.

“ரெண்டு பக்கமும் சார்,” என்ற அக்கா, அடுத்த படத்தைத் திரையில் காட்டினார்.

அவர் அப்பா என் பக்கம் சாய்ந்தார். “சரியாத்தான் சொல்றாளாம்மா?”

“சரியாத்தான் சொல்றாங்க மாமா,” என்றேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.